வெட்டிய பிறகும்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பிற்பகல், ரிங்லெட் மலையூரில் இருந்த புவனேஸின் வீட்டு வாசலில் பவளம் வந்து நின்றாள். செத்துப்போன மகள் சாந்தினியின் சப்பாத்து, புத்தகப்பை எல்லாவற்றையும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று, கணக்கு நோட்டு மட்டும் புவனேசுக்கு என்று எடுத்து வைத்தேன் என்றாள். புவனேஸின் அப்பாவும் அம்மாவும் காய்கறிக் கடையில் இருந்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இயற்கணிதம் என்றால் புவனேசுக்கு வேப்பங்காய்தான். மேலேயும் கீழேயும் எக்ஸ் இருந்தால் போதும், கூட்டலா கழித்தலா என்றுகூடப் பார்க்காமல் இரண்டையும் வெட்டித் தள்ளிவிடுவாள். மூன்றாம் படிவ வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரி சாந்தினிதான் ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக் கொடுப்பாள். அன்றைக்கும் பள்ளி விடும்போது ஒரு கணக்கைக் காட்டி, “ஆறு மணிக்குள்ள போன்ல அனுப்பிருலா, மறந்துறாத” என்று புவனேஸ்தான் சொன்னாள். தானே போட்டுப் பார்த்திருக்கலாம். நாடகம் பார்க்க வேண்டும் என்ற சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

சாந்தினி இருந்த தோட்டத்து லயத்து வீட்டில் போனுக்கு லைன் கிடைக்காது. மேலே முனியாண்டி கோயில் சாலை வளைவுக்கு ஏறினால்தான் கிடைக்கும். அன்று மாலை பனி மூடிக் கிடந்தது. கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரிக்காரன் கண்ணுக்கு அவள் தெரியவே இல்லையாம். பனியில் இந்தப் பிள்ளை அங்கே எதற்குப் போனாள் என்று பவளம் பிணத்தின் தலைமாட்டில் கேட்டாள், வந்தவர் போனவர் எல்லோரிடமும் கேட்டாள். புவனேஸ் கூட்டத்தோடு நின்று அழுதாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

புவனேஸின் போனில் சாந்தினியின் குரல் பதிவு ஒன்று இருந்தது. இருபத்தொரு வினாடி. ஒரு நாள் தவறாமல் ஆறு மணிக்கு அதைக் கேட்டாள். கேட்காத நேரத்திலும், பென்சிலைத் தொட்டாலே காதோரம் அந்தக் குரல் வந்து நின்றது. வகுப்பில் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆனாலும் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் யாரோ எட்டிப் பார்ப்பதாக உணர்ந்து கழுத்தைத் திருப்புவாள். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

பவளம் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். மலாயில் எழுதிய கணக்குக்கு மேலே, இருவரும் தமிழ்ப்பள்ளியில் பழகிய கையெழுத்தில், ‘புவனேசுக்கு, ஆறு மணிக்குள்ள’ என்று இருந்தது.

“நீ கேட்டியாம்மா?”

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

“நான்தான் அத்தை அனுப்பச் சொன்னேன்.”

அழுதுகொண்டே புவனேஸ் போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டாள். காற்றின் இரைச்சலுக்கு நடுவே சாந்தினி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

“அவசரப்பட்டு வெட்டாதலா. மொதல்ல மேலயும் கீழயும் பிரிச்சு எழுது. ரெண்டுலயும் எக்ஸ் மைனஸ் மூனு வரும். இப்ப அத வெட்டிரு. ஆனா ஒன்னு, வெட்டிட்டோம்னு...”

பிறகு காற்று மட்டும்.

பதினேழு நாளாகக் கேட்காத குரல். பவளம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். அதற்கப்புறம் இன்னொரு தரம்.

“வெட்டிட்டோம்னு... அப்புறம் என்னம்மா சொல்ல வந்துச்சு எம்புள்ள?”

புவனேஸ் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். விடைக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள்.

“வெட்டிட்டோம்னு அது இல்லாமப் போயிடாது. எக்ஸ் எப்பவுமே மூனா இருக்கக் கூடாது.”

பவளத்துக்கு எக்ஸும் தெரியாது, மூன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்த வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு தேயிலைக் கறை ஏறிய விரலைக் கணக்கின் மேல் வைத்தாள். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சாந்தினி குறுக்குக் கோடு இழுத்திருந்தாள். கோட்டுக்கு அடியில் எழுத்துகள் அப்படியே தெரிந்தன.

சுவர்க் கடிகாரத்தில், புவனேஸ் அந்தப் பதிவைக் கேட்கும் ஆறு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. பவளம் எழுந்திருக்கவில்லை.