வாங்காத கையெழுத்து

"போடாதீங்க!"

கிளினிக்கில் பில் போடும் தஸ்லீமா மேசையைத் தாண்டி எட்டி, அந்தப் பெண்ணின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

சத்யபாமா திகைத்து நின்றாள். கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரச்சாந்து கண்ணீரில் கரைந்து கழுத்துவரை வழிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஆபரேஷன் அறைக் கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் அவள் கணவன் ரமேஷ்குமாரை அதற்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அலோன் வார்ஃபில் அரிசி மூட்டையோடு சுருண்டு விழுந்தவனை, கூட வேலை பார்த்தவர்கள் சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் போட்டு மிதித்துக் கொண்டுவந்திருந்தார்கள். குடல்வால் வெடித்துவிட்டது.

"ஆபரேஷனுக்கு சம்மதம்னு நர்ஸ்கிட்ட கையெழுத்துப் போட்டாச்சில்ல? அது போதும். இந்தத் தாளை யார் எடுக்கச் சொன்னா?"

"பில்லுக்குன்னு இருந்திச்சு அக்கா. எவ்வளவு கேட்டாலும் தர்றேன். தையல் மெஷின் இருக்கு, வித்துடலாம். இந்தாங்க..." சத்யபாமாவின் விரல்கள் காதுத் தோட்டின் திருகைத் தேடின.

"தோட்டை மாட்டுங்க முதல்ல."

"அப்ப வைத்தியம் பாக்க மாட்டீங்களா?"

கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை, கதவை நோக்கி ஓடினாள். தஸ்லீமா பின்னாலேயே ஓடி அவள் தோள்களைப் பிடித்து நிறுத்தினாள்.

"டாக்டர் ஆரம்பிக்கிறாரும்மா! உள்ள போய் அவர் கையைத் தட்டிவிடப் போறீங்களா?"

"பணம் வாங்காம எந்த ஆஸ்பத்திரியில கத்தியை எடுப்பாங்க?"

நியாயமான கேள்விதான். ரங்கூனில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் கேட்பார்கள். தஸ்லீமா அவளை பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் திணித்து, சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். துறைமுகத் தொழிலாளர் சகாய நிதியின் விதிகள். நிதியின் பட்டியலில் இருப்பது மூன்றே மூன்று கிளினிக்குகள். டாக்டர் நசீரின் கிளினிக் அதில் இல்லை. இருந்தாலும், பட்டியலுக்கு வெளியே இருக்கிறவர்களும் மதிக்க வேண்டிய விதி என்று ஏழாவதாக ஒன்று உண்டு. டாக்டர் அதற்கு ஒப்புதல் எழுதிக் கொடுத்திருந்தார்.

"உயிருக்கு ஆபத்துன்னு வந்தவங்ககிட்ட முன்பணம் வாங்கக்கூடாது. இவ்வளவு தர்றேன்னு எழுதி வாங்கக்கூடாது. நிதி என்ன குடுக்குதோ அதோட சரி, மிச்சத்தை உங்ககிட்ட கேக்கக்கூடாது. புரியுதா? ஆனா அவர் மெம்பரா இருக்கணும். நாங்க இன்னைக்கே நாலு மணிக்குள்ள நிதி ஆபீசுக்குச் சொல்லிடணும்."

சுவர்க் கடிகாரம் மூன்றரையைக் காட்டியது.

தஸ்லீமா போனைச் சுழற்றினாள். மறுமுனையில் நிதியின் செயலாளர் தங்கவேலு.

"ரமேஷ்குமாரா? அப்படி ஒருத்தனும் இல்லையேம்மா. நல்லாத் தேடிட்டேன்."

"போன மாசம்கூட சந்தா கட்டினார்னு சம்சாரம் சொல்றாங்க, ஊ தங்கவேலு." பெயருக்கு முன்னால் பெரியவர்களுக்கு 'ஊ', இளைஞர்களுக்கு 'கோ' என்பது பர்மிய மரியாதை.

"சம்சாரம் சொன்னா ரெஜிஸ்டர்ல முளைச்சிடுமா?" போனை வைத்துவிட்டார்.

மெம்பர் இல்லையென்றால் ஏழாவது விதி இல்லை. முழு பில்லும் இவள் தலையில். தையல் மெஷினும் தோடும் சேர்ந்தால்கூடப் பாதி தேறாது. தஸ்லீமா நகத்தைக் கடித்தாள்.

சைக்காவில் கொண்டுவந்தவர்களில் ஒருவன் வாசலில் எட்டிப் பார்த்து, பர்மியத்தில் சத்யபாமாவிடம் கேட்டான். "கோ சோ மின் எப்படி இருக்கார்?"

தஸ்லீமா நெற்றியில் அறைந்துகொண்டாள். தான் தமிழில் கேட்டதால் சத்யபாமா வீட்டுப் பெயரைச் சொல்லியிருக்கிறாள்! அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், அடுப்படியில் வேறு பெயர். தஸ்லீமாவுக்கே அட்டையில் 'மா கின் வே' என்றுதான் இருக்கிறது. மூன்று ஐம்பதுக்கு மறுபடியும் போன்.

"சோ மின்னா? ரெண்டு பேர் இருக்கானுங்களே. அப்பன் பேர் சொல்லு."

தஸ்லீமா சத்யபாமாவின் பக்கம் திரும்பினாள். "மாமனார் பேர் என்னங்க?"

"அட்டையில 'ஊ பா தான்'னு இருக்கும். வேலுச்சாமின்னு சொன்னாத்தான் வார்ஃப்ல தெரியும். மூணாம் நம்பர் வார்ஃப். அவர் இறந்து பன்னெண்டு வருஷமாச்சு, அக்கா."

தஸ்லீமாவின் கையிலிருந்த பேனா உருண்டு தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"ஹலோ? இருக்கியாம்மா?"

"இருக்கேன்." ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்பா பேர் 'ஊ பா தான்'."

"ஆங்... இருக்கான். பதிஞ்சாச்சு. மூணு அம்பத்தாறு. கெட்டிக்காரிதான் நீ!"

ஐந்து மணிக்கு டாக்டர் நசீர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பிழைத்துவிட்டான் என்று சத்யபாமாவிடம் சொன்னார். அவள் அவர் காலில் விழப்போக, நகர்ந்துகொண்டு தஸ்லீமாவின் மேசைக்கு வந்தார்.

"நிதி பணத்துல ஜெனரேட்டர் டீசலுக்குக்கூடக் காணாது. கிளினிக்கை மூடிட்டு மொஹிங்கா நூடுல்ஸ் கடை போடலாமா?"

"கடைக்கும் நான்தான் கல்லா, டாக்டர் சயா. அங்கயும் விதி உண்டு."

"இந்த விதிப் பைத்தியம் உனக்கு எங்கேருந்து பிடிச்சுதோ!" சிரித்தபடி போய்விட்டார். தஸ்லீமா குனிந்து, தரையில் கிடந்த பேனாவை எடுத்தாள்.

மூன்றாம் நாள் ரமேஷ்குமார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தான். ஆபத்து நீங்கிய பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேசலாம் என்பதும் அதே விதிதான். தஸ்லீமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவனுக்குத் தமிழைவிட பர்மியம் சுலபம் என்று தெரிந்து, பர்மியத்தில் சொல்லி, அவன் அம்மாவுக்காகத் தமிழிலும் சொன்னாள். அம்மா ரத்தினம்மாள் கஞ்சித் தூக்கோடு அன்று காலைதான் மாவ்பியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"இனிமே பட்டியல்ல இருக்கிற கிளினிக்குக்கு மாறினா உங்களுக்குச் செலவே இல்ல. இங்கயே இருந்தா ஒரு நாளைக்கு இவ்வளவு, தாள்ல எழுதியிருக்கேன். இப்பவே சொல்ல வேணாம். ராத்திரி யோசிச்சு, காலையில நீங்களே சொல்லுங்க."

"மாறிக்கிறேன், சயாமா," என்றான் உடனே. "தையல் மெஷின் முதலாளியம்மா மெஷினை விக்க வேணாம்." மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"யோசிக்கச் சொன்னாங்கல்ல?" சத்யபாமா அவன் காலைக் கிள்ளினாள். "வயித்தை வெட்டியும் வாய் குறையல."

ரத்தினம்மாள் மட்டும் சிரிக்காமல் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாது. எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

தஸ்லீமா கிளம்பியபோது ரத்தினம்மாள் பின்னாலேயே நடைக்கு வந்து, ஒரு கிண்ணம் கஞ்சியைக் கையில் கொடுத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இவன் அப்பாவுக்கு இப்படிச் சொல்ல யாரும் இல்லம்மா. வேற ஆஸ்பத்திரி. அவரு உள்ள கிடக்காரு, வெளிய வெள்ளைத் தாளை நீட்டினாங்க. ஒரு எழுத்துக்கூட இல்ல. போடலைன்னா தொடமாட்டாங்கன்னு சொன்னாங்க. பேர் எழுதத் தெரியாது, கைநாட்டு வச்சேன். அவரும் பொழைக்கல. தாகேதாவுல இருந்த வீடும் போச்சு."

ரத்தினம்மாள் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள்.

"தாளை நீட்டினது ஒரு சின்னப் பொண்ணு. வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்கூட ஆகியிருக்காது. என் கட்டைவிரலைப் பிடிச்சு மையில வைக்கும்போது அதுவும் அழுதுது. கண்ணைத் துடைக்கக்கூடக் கை ஒழியாம அழுதுது, பாவம். வீடு போனப்பகூட எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் வரல. எங்க இருக்காளோ, என்ன பண்றாளோ."

நடையில் யாரும் இல்லை. தஸ்லீமா கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்தாள். குனிந்து, அந்தக் கட்டைவிரலைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

"இங்கதாம்மா இருக்கேன்."