கல்லு போடுவோமுங்க

1

இந்தக் கதை ஒரு தப்பான வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குத் தைரியம் வராது. அந்தத் தப்பைச் செய்தவனை நவநீதன் என்று வைத்துக்கொள்வோம். (நான்தான் அது. 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். நாலே வரியில் என்னை நானே மன்னிக்கத் தொடங்கிவிட்டேன். அதனால் 'அவன்'.)

நவநீதன் ஊட்டிக்காரன். ஒரு வார இதழில் மலையின் வினோதங்களைப் பற்றிப் பத்தி எழுதுகிறான். பேய் பங்களா, ஆளில்லாத கல்லறை, பேர் மறந்த சாமி, எதுவானாலும் இருநூறு சொல்லுக்குள் மடக்கிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

2

முதல் வரைவு: 'குன்னூருக்கு இறங்கும் குறுக்குவழியில், தேயிலைக்காட்டின் ஓரம், மூடுபனிக்குள்'

வேண்டாம். மூடுபனிக்குள் எத்தனை தடவைதான் ஒளிந்துகொள்வது.

இரண்டாம் வரைவு: 'இசக்கியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்.'

இது உண்மை. இதிலிருந்தே போகலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை வாசலில் நவநீதன் அவரைப் பார்த்தான். எதிரே பாதை வளைவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கற்குவியல் இருந்தது. அது என்னவென்று கேட்டான்.

"அது எங்காளு ஒருத்தருங்க. கீழ எறங்கிப் போறப்ப ஆளுக்கொரு கல்லு போடுவோமுங்க" என்றார்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. நவநீதன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

3

'அவ்வழியே செல்வோர் அதன்மீது கல்லெறிவார்கள்' என்று எழுதினான்.*

எறிந்தால் காரணம் வேண்டுமே. யோசித்தான், கிடைத்தது. வெள்ளைக்காரத் துரை காலத்தில், எஸ்டேட்டை விட்டு ஓடிப்போக இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்த ஒருவன் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறான் என்று சொல்கிறார்கள். (இந்த 'சொல்கிறார்கள்' யார் என்று நீங்கள் கேட்கலாம். ஒருவன்தான். அவனும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான்.) தலைப்பு: துரோகிக் கல்.

* 'போடு' என்ற சொல்லின் மேல் பழியைப் போடலாம். பூப் போடலாம், சோறு போடலாம், குண்டும் போடலாம். எல்லாம் ஒரே வினைதான். ஆனால் அந்த அம்மா சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் போதும்.

4

பத்தியை யாரும் படிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தான். சுற்றுலா ஜீப் ஓட்டும் வினோத் படித்திருக்கிறான். வியூ பாயிண்டுக்கு அடுத்த நிறுத்தமாகத் துரோகிக் கல்லைச் சேர்த்துக்கொண்டான். வந்தவர்கள் குறி பார்த்து எறிந்தார்கள், சிரித்தார்கள், செல்போனில் படம் பிடித்துப் பரப்பினார்கள். பிறகு மற்ற ஜீப்புகளும் வந்தன.

இதழில் இருந்த நம்பருக்கு ஒருநாள் இசக்கியம்மாள் போன் செய்தார். நவநீதன் அவர் வீட்டுக்குப் போனான்.

"அவரு எங்கம்மாவோட அப்பாவ, எங்க அப்பிச்சியப் பெத்தவருங்க" என்றார். "அப்பல்லாம் ஏது ரோடு. காய்ச்சல்ல விழுந்தவங்கள முதுவுல தூக்கிட்டுக் குன்னூருக்கு எறங்குவாராமா. அந்த வளைவுல மழைக்கு வழுக்கி விழுந்து செத்துப்போனாரு. முதுவுல இருந்த ஆளு பொழைச்சுக்கிட்டாரு. அவரு வெச்சதுதானுங்க மொதக் கல்லு."

இசக்கியம்மாள் தொடர்ந்தார்.

"எறங்குறவங்க, காலு வழுக்கக் கூடாதுன்னு ஒண்ணு வெச்சுட்டுப் போவோம். இப்ப வெளியாளுக எறிஞ்ச கல்லப் பொறுக்கி ஓரமாப் போடலாம்னு போனேனுங்க தம்பி. எது நாங்க போட்டது, எது அவங்க எறிஞ்சதுன்னு எப்புடிங்க பிரிக்கிறது?"

இந்தக் கேள்வியோடு கதை முடிந்திருந்தால் அழகாக இருக்கும். அவர் முடிக்கவில்லை.

"போன வருசம் குன்னூருல கட்டிக்குடுத்த எம்மவ ராஜப்ரியாவுக்குக் கொறை மாசத்துலயே வலி வந்துருச்சு. ஓடுனேன். வளைவுல ஒரே கூட்டம். கல்லெடுத்தா நானும் எறியறேன்னு நெனைப்பாங்கன்னு வெக்காமயே எறங்கிட்டேன். கொழந்த தங்கலீங்க."

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நவநீதன் சொல்ல வாயெடுத்தான். சம்பந்தமில்லாததைச் சேர்த்துக்கட்டிப் பேர் வாங்கியவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

5

இதழ் திருத்தம் வெளியிட்டது. மூன்று வரி, பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே.

நவநீதன் வினோத்தை ஜீப் ஸ்டாண்டில் பிடித்து உண்மைக் கதையைச் சொன்னான். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"ஏனுங்ண்ணா, நல்லவரு கதைக்கு எவன் வண்டிய நிறுத்தச் சொல்லுவான்? நீங்க எழுதுனதத்தான நான் சொல்றேன்."

அதற்குப் பதில் இந்தக் கதையில் எங்கேயும் இல்லை. தேடாதீர்கள்.

6

முடிவுகள்.

அ. வினோத் மனம் திருந்தி ஒரு பலகை நட்டு [அடித்துவிட்டேன். அவனை எனக்குத் தெரியும்.]

ஆ. நவநீதன் குவியலைக் கலைத்துப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறான். அவனுக்கு மட்டும் நிம்மதியான முடிவு. அதில் இசக்கியம்மாளின் அம்மா வைத்த கல்லும் இருக்கிறது.

இ. நடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இசக்கியம்மாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ராஜப்ரியாவுக்கு மறுபடி நிறைமாதம். குன்னூரிலிருந்து மருமகன் கூப்பிட்டார், வலி வந்துவிட்டது என்று. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் குறுக்குவழியில் இறங்கினோம். (கவனித்திருப்பீர்கள், 'நான்' வந்துவிட்டது. வரட்டும். அங்கே நின்றது நான்தான்.)

வளைவில் இரண்டு ஜீப் நின்றிருந்தது. இசக்கியம்மாள் தேயிலைச் செடியடியில் ஒரு கல்லை எடுத்தார். முந்தானையால் மண்ணைத் துடைத்தார்.

"பாருங்க, லோக்கல் ஆளுங்களே எறிய வர்றாங்க" என்று யாரோ சொன்னார்கள். செல்போன்கள் அவர் பக்கம் திரும்பின.

அவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் இப்ப இத வெச்சா அது எதுல சேருமுங்க?"

எனக்கு அழுகை வந்தது. அவர் இடுப்பில் செருகியிருந்த போன் மறுபடி அடித்தது.

அதன்பின் அவர் செய்ததை நான் பார்த்தேன். குழந்தை என்னவாயிற்று என்றும் தெரியும். சொன்னால், கல்லுக்குப் பலன் உண்டு என்றோ இல்லை என்றோ இன்னொரு வினோதம் பிறந்துவிடும். அதை ஏற்றிக்கொண்டு போக ஜீப் தயாராக நிற்கிறது.

இசக்கியம்மாள் கல்லைப் போட்டார் என்று மட்டும் எழுதி நிறுத்தலாம். அதை நீங்கள் எப்படிப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்தக் கதையில் அந்தக் கல் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.