திருத்திய பதிப்பு

"இரு காளைகளும் துயில் நீங்கி எழ மறுத்தன" என்று முதல் வரியை வாசித்தாள் தங்கம்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா வைரவன் தலையைத் திருப்பினார். வயது எண்பத்தொன்று. பார்வை முற்றிலும் போய் நான்கு வருடமாகிவிட்டது.

"யாரு எழுதுனது இது?"

"உங்க நாவல்தான்யா. புதுசா அடிக்கிறாங்கல்ல, அந்தப் புரூப்."

"'மாடு ரெண்டும் எந்திரிக்க மாட்டேங்குது'ன்னுல்ல எழுதுனேன். மேல வாசி தாயி."

வாசித்தாள். கஞ்சி 'அமுது' ஆகியிருந்தது. "ஏ புள்ள" என்று கூப்பிட்டவன் "அன்பே" என்றான். மூன்றாம் பக்கத்தில் வைரவன் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

ராமநாதபுரம் பக்கம் கமலை ஓட்டிக் கிணற்றில் நீர் இறைத்தவர் அவர். பள்ளிக்கூடம் போனதில்லை. உப்புக்கடைப் பொட்டலத் தாளை வைத்துக்கொண்டு, சந்தைக்கு வருகிறவர்களிடம் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுப் படித்தார். மத்தியானம் மாடுகளை அவிழ்த்துவிட்ட நேரத்தில், பழைய நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் இந்த நாவலை எழுதினார். அவருடைய முப்பத்தெட்டாம் வயதில் மதுரையில் ஓர் அச்சகத்தார் முந்நூறு பிரதி போட்டார்கள். பிறகு சென்னைக்கு வந்து முப்பது வருடம் அச்சகங்களில் பிழை திருத்தினார். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிரதி. கொடுக்க அவருக்கு மனமில்லை. தங்கம்தான் வற்புறுத்தி வாங்கிக்கொண்டுபோய்ப் பதிப்பாளரிடம் கொடுத்தாள்.

மறுநாள் பள்ளி அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மந்தைவெளியிலிருந்து அப்பாவை ஆட்டோவில் தி.நகருக்கு அழைத்துப் போனாள். பதிப்பாளர் கருணாகரன் எழுந்து நின்று கும்பிட்டார்.

"ஐயா, காலேஜ்ல பாடமா வைக்கப் பேசிக்கிட்டிருக்கேன். கொச்சையா இருந்தா கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க. உங்களுக்காகத்தான் ராத்திரி பகலா உக்காந்து நானே திருத்தினேன்."

"கொச்சையா? எங்க ஊரு பேச்சுய்யா அது."

"புரூப் சும்மா அனுப்பினதுங்க, அச்சுக்குப் போயாச்சு. விழா அழைப்பிதழும் அனுப்பியாச்சு."

"சரி சார், எங்க பழைய புத்தகத்தையாவது குடுத்துடுங்க" என்றாள் தங்கம்.

கருணாகரன் மேஜையைப் பார்த்தார். "டைப் பண்றதுக்காகத் தாள் தாளாப் பிரிச்சோம்மா. தொட்டாலே உதிர்ந்துச்சு. வேலை முடிஞ்சதும் கழிவுத் தாளோட போயிடுச்சு."

அவளுக்கு அழக்கூட வரவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அவள் நூலகங்களில் ஏறி இறங்கினாள். மதுரை அச்சகத்துக்கும் கடிதம் போட்டாள். எங்கேயும் ஒரு பிரதிகூட இல்லை.

மயிலாப்பூரில் நடந்த விழாவில் மண்டபம் நிறைந்திருந்தது. பள்ளிக்கே போகாதவர் இப்படியொரு செந்தமிழை எங்கே கற்றார் என்று பேசியவர்கள் எல்லாரும் வியந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கடைசியில் வைரவன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"இது நான் எழுதுன புத்தகம் இல்லைங்க" என்றார் அவர்.

"என்ன அடக்கம்!" என்று முன்வரிசையில் ஒருவர் சொல்ல, கைதட்டல் எழுந்தது. "நெசமாத்தான் சொல்றேன்" என்று அவர் மறுபடியும் சொன்னது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தங்கம் எழுந்து நின்றாள். என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் அவரே கூப்பிட்டார். "நோட்டு எடு தாயி. நான் சொல்லச் சொல்ல எழுது."

இரண்டு அத்தியாயம் தங்குதடையின்றி வந்தது. மூன்றாவதில், கிணற்றில் விழுந்தவனின் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, சட்டென்று நின்றார்.

"அவ பேரு என்ன?"

வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடியதில் அந்தப் புத்தகத்தைத் தங்கம் ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. புதிய பதிப்பை எடுத்துப் புரட்டினாள்.

"மங்கையர்க்கரசின்னு போட்டிருக்குய்யா."

"அது இல்ல" என்றார் அவர். கொஞ்ச நேரம் உதடுகளை அசைத்துப் பார்த்தார். "அது இல்ல தாயி."

அவள் நோட்டை மூடாமல் காத்திருந்தாள்.