“தலை எப்படி இருக்கு?” தினமும் அம்மாவின் முதல் கேள்வி இதுதான்.

மாதக்கணக்காக எங்கள் வீட்டில் எல்லோரும் பூனை மாதிரி நடந்தார்கள். டிவிக்குக் குரல் போய்விட்டது. மிக்ஸியைத் துண்டு போட்டு மூடித்தான் ஓட்டுவாள் அம்மா. எல்லாம் என் தலைக்காக. காலையில் நான் கண் விழிக்கும்போதே வலியும் கூடவே விழித்துக்கொள்ளும். நான் படுத்தாலும் அது படுக்காது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்த அன்று அம்மாவும் அப்பாவும் கண் கலங்கிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுமே இல்லையென்றால் மண்டைக்குள் இடிப்பது யாராம்? அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டைப் பார்ப்பதுபோல என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் அதற்குப் ‘பரீட்சை வலி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். இப்படியே லீவு போட்டால் அடுத்த வருடமும் இதே வகுப்புதான் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் அந்த வகுப்புக்கு வரப்போகிறவள் என் தங்கை வாண்டு. அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருவதா? ஆனால் எழுந்து நிற்கவே முடியாதவள் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது?

புது டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“வலி நிஜம்தாம்மா. ஸ்கேன்ல தெரியலன்னா பொய்னு அர்த்தமில்ல.”

அதைக் கேட்டதும் அவர் மேசையிலேயே கவிழ்ந்து அழுதுவிட்டேன். தினமும் விழுங்கிய வலி மாத்திரையே வலியைப் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கலாம், அதை நிறுத்தலாம் என்றார். முதலில் வலி கூடும், பிறகு மெல்லக் குறையும். நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், தூக்கம். வலியோடேயே அரை நாள் பள்ளிக்கூடம். பெற்றோரிடம் திரும்பி, திடீரென்று வேறு மாதிரி வலியோ வாந்தியோ வந்தால் உடனே அழைத்து வரச் சொன்னார். மற்றபடி, தலை எப்படி இருக்கு என்று யாரும் கேட்கவே கூடாதாம்.

அம்மாவுக்கு அதுதான் பெரிய தண்டனை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, மழை வருமா என்று என்னிடம் கேட்பாள். அப்பா என் முகத்தையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் உயிர் போனது. பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிய நாளும் உண்டு. அப்புறம் எப்படியோ அரை நாள் முழு நாளானது. வலி ஒரேயடியாக ஓடிவிடவில்லை. ஆனால் சில மத்தியானங்களில் என்னை மறந்துவிட்டு எங்கோ போய்வந்தது. இப்படியே வந்தால் பரீட்சை எழுதலாம் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

ஒருநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவு தடதடவென்று ஆடியது. வாண்டு.

“எவ்ளோ நேரம்? நீ மட்டுந்தான் ஸ்கூலுக்குப் போறியா? வெளிய வா.”

சமையலறையிலிருந்து அம்மா ஓடி வருவது கேட்டது. இன்றைக்கு வாண்டுக்குப் பூசைதான் என்று நினைத்தேன். ஆனால் அம்மா என்னைத்தான் அதட்டினாள்.

“சீக்கிரம் வாடி. அவளுக்கும் நேரமாகுதுல்ல?”

வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு அழுதேன். அன்றைக்கும் தலை வலித்தது. ஆனால் என் வீட்டில் மறுபடியும் என்னைத் திட்டுகிறார்கள், அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

“வரேன், கத்தாத” என்று நானும் கத்தினேன்.