தலைக்குத் தண்ணீர்

"அந்தக் கொப்பில கை வைச்சீரெண்டால்—"

"கதவில இலை கட்டினா வருத்தம் மாறிடுமே அக்கா, கொப்புளிப்பான் எண்டது ஒரு—"

"வாயைப் பொத்தும். அம்மாள் வந்த வீட்டில—"

"—தொத்து வருத்தம் எண்டு நேர்ஸே சொன்னவ. ஏன், உங்கட அம்மாளுக்கும் இஞ்ச விசா குடுத்திட்டாங்களோ?"

"உம்மட ஆண்டவருக்குக் குடுத்தவங்கள்தானே."

யசிந்தா பிடுங்கி எறிந்த கொப்பை அருள்நாயகி எடுத்து, மணலைத் தட்டி, மறுபடியும் கதவு நிலையில் செருகினாள். வேம்பு இல்லை அது. வேலியோரம் நின்ற ஏதோ ஒரு டெனிஷ் மரம்; செம்பழம் குலை குலையாகத் தொங்கும். இலை மட்டும் அச்சொட்டாக வேப்பிலை. கிள்ளி மென்று பார்த்தபோது வேம்பின் கைப்பு இல்லை. தாயே, கிடைச்சது இதுதான், பொறுத்துக்கொள் என்று சொல்லித்தான் முதல் கொப்பை முறித்தாள்.

அகதிகளை வைத்திருந்த கடற்கரை விடுதியின் பின்பக்கம், தோட்டச் சாமான் போடுகிற மரவீட்டில் இருவரையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஆட்கள் ஓடிவிடுவார்கள். விடுதிப் பிள்ளைகளிடமிருந்து வந்த வருத்தம். அதில் யாருக்கும் குற்றமில்லை. அருள்நாயகியின் வயிற்றெரிச்சல் வேறு. ரண்டர்ஸ் போகிற பஸ்ஸில் அவள் ஏறி இருந்துவிட்டாள். ஒன்றரை வருடமாகக் காணாத மனிசன் சபாரத்தினம் அங்கே வீடெடுத்துக் காத்திருந்தார். காதுக்குப் பின்னால் ஒரேயொரு கொப்புளம், மயிரால் மூடியிருந்தாள். விடுதிச் சிநேகிதி விக்ரோரியாவை வழியனுப்ப ஏறிப் பின் சீட்டில் இருந்த யசிந்தா எழும்பி, தன் பள்ளிக்கூட இங்கிலீசில் நேர்ஸைக் கூப்பிட்டு விரலை நீட்டினாள். அருள்நாயகிக்குப் பக்கத்துச் சீட்டில் அந்த விக்ரோரியா வயிற்றுப்பிள்ளையோடு இருந்தவள்தான். இருக்கட்டுமே. காதுக்குள் வந்து சொல்லியிருக்கலாம், தானே இறங்கியிருப்பாள். அத்தனை பேருக்கும் நடுவில் அந்த விரல். பஸ் போய்விட்டது. நாலு நாள் கழித்து, முகமெல்லாம் முத்துப் போட்டு, அதே யசிந்தா அதே வீட்டுக்குள் தள்ளப்பட்டாள். அன்று அருள்நாயகி மனதுக்குள் அம்மாளுக்குக் கற்பூரம் கொளுத்தினாள்.

ஒரு ஞாயிறு சபாரத்தினம் வந்து வேலிக்கு அப்பால் நின்றார். அவருக்கும் இந்த வருத்தம் முன்னம் வந்ததில்லை. கிட்ட வரவேண்டாம் என்று இவளே கத்தினாள். காற்றில் அவர் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. கொண்டுவந்த தோடம்பழங்களைப் புல்லில் வைத்துவிட்டுப் போனார். யசிந்தாவுக்கு ஒரு சுளைகூடக் கொடாமல் இருந்து தின்று முடித்தாள்.

அந்த நாட்களை அவள் கொண்டு இழுத்தது சின்னச் சின்ன வேலைகளால்தான். விடியவே எழும்பி வாசல் மணலைக் கூட்டுவாள். ஒருவருக்கும் இறங்காத அந்தக் கறுத்தப் பாணை உதிர்த்துப் போட, மஞ்சள் சொண்டுக் கரும்குருவி ஒன்று கிட்டத் தத்தி வரும். அதோடு கொஞ்சம் கதைப்பாள். பிறகு கொப்பு முறித்துக் கைகாலைத் தடவிக்கொண்டு கடலைப் பார்த்திருப்பாள். கடல் ஒரு நாள் ஈயம், ஒரு நாள் பால். அலை வந்து போகிற ஒழுங்கிலே நெஞ்சு ஆறிவரும். உள்ளே யசிந்தா சொறிய முடியாமல் முனகுகிற சத்தம் கேட்டால் இன்னும் ஆறும். எல்லாக் கொப்பையும் மடியிலே வைத்துக்கொண்டு, கேட்கட்டும் பார்ப்போம் என்று இருப்பாள்.

இன்றைக்கு யசிந்தா கேட்டாள். நாளைக்கு இருவருக்கும் பஸ். இவள் ரண்டர்சுக்கு, யசிந்தா விபோர்க்கில் தமக்கையிடம். தமக்கைக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள். அதைத் தூக்கத்தான் யசிந்தாவின் கை பரபரத்துக்கொண்டிருந்தது. பின்னேரம் நேர்ஸ் வந்து முகத்தையும் கையையும் பார்ப்பாள், புதிதாக ஏதும் உண்டா என்று கேட்பாள். அவ்வளவுதான். சண்டை பிடித்த வாயாலேயே, கொஞ்ச நேரம் பொறுத்து, முதுகு எட்டுதில்லை அக்கா, ஒருக்கால் தண்ணி வார்த்து விடுறீங்களோ என்று கெஞ்சினாள்.

வருத்தம் இறங்கினால் தலைக்கு வார்க்கத்தான் வேண்டும். மறுக்க அருள்நாயகிக்கு மனம் வரவில்லை. பானையில் கொதித்த தண்ணீரில் இலையை உருவிப் போட்டாள். வாளியில் விளாவி, குனிந்திருந்தவளின் தலையில் மெல்ல ஊற்றினாள். ஈர இலைகள் முதுகில் ஒட்டின. ஒவ்வொன்றாக வழித்து எடுத்தாள்.

தோள்மூட்டுக்குக் கீழே, கடைசி இலை இருந்த இடத்தில், ஒரு கொப்புளம். காய்ந்ததில்லை. நீர் கோத்து, வெளிச்சம் பட்டு மினுங்கியது.

அவள் கை நின்றது. நேர்ஸைக் கூப்பிட்டு விரலை நீட்டினால் போதும். அதே விரல், அதே பஸ். இவ்வளவு நாளும் அவள் மனதில் வைத்துத் தடவிப் பார்த்த காட்சி அது. ஆனால் ஒன்றுமே சொல்லாமல் விட்டால்? யசிந்தா சிரித்துக்கொண்டு ஏறுவாள். போய்ப் பிள்ளையைத் தூக்குவாள். ஒரு கிழமை, இரண்டு கிழமை போகட்டும். அந்த வீட்டில் எந்த விரல் யாரை நோக்கி நீளும்? நினைக்க இனித்தது. இனித்த இடத்திலேயே ஏதோ குளிர்ந்தது.

வாசலில் கரும்குருவி பாண்துண்டைக் கொத்திக்கொண்டிருந்தது. விடுதிப் பக்கமிருந்து நேர்ஸின் சப்பாத்துச் சத்தம் சரளைக்கல்லில் வந்தது.

யசிந்தா ஈர மயிரை முன்னால் ஒதுக்கி, முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தாள்.

"முதுகில புதுசா ஒண்டும் இல்லைத்தானே அக்கா?"