நைலெக்ஸ் சேலைப் பந்தயம்

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மகளிர் சங்கம் ‘அந்தக் கால அலங்காரப் போட்டி’ வைத்ததும் ஜீவராணிக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிக்குள் ரோஜாப்பூப் போட்ட நைலெக்ஸ் சேலையும் பஃப் கை ஜாக்கெட்டும் இருக்கின்றனவே! கல்யாணத்துக்கு முன்னால் புருஷன் சிவசாமி அட்டன் டவுனில் வாங்கிக் கொடுத்தவை.

நாத்தனார் அம்மாக்கண்ணுவுக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது.

“அண்ணன் அந்தச் சேலைய எனக்குத்தான் வாங்கித் தர்றேன்னிச்சு. நடுவுல நீங்க வந்து குதிச்சீங்க அண்ணி. சரி, பந்தயம். கோயில்லேருந்து பிள்ளைக்காம்பரா வரைக்கும் ஊசி குத்தாம, கையால பிடிக்காம நடந்து காட்டுங்க. சேலை நழுவுனா எனக்கு!”

“நழுவாது, போ புள்ள!” என்றாள் ஜீவராணி. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவளுக்குப் பிறவிக் குணம்.

போட்டியன்று மூச்சை அடக்கி ஜாக்கெட்டுக்குள் புகுந்தாள். கைகள் இரண்டும் பூரி மாதிரி உப்பி நின்றன. உயரக் கொண்டை, அதில் ஒரு டேலியாப் பூ. லயத்து வீட்டு ஆட்கள் விசிலடிக்க, ராணியம்மா நடையைக் கட்டினாள். என்ன சந்தோஷம், என்ன திமிர்!

பாதி வழியில்தான் உறைத்தது. கொழுந்தெடுக்கப் போகும்போது சேலைக்கு மேல் படங்கு என்னும் முரட்டுத் துணியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிவிடுவாள். சேலையைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் படங்குதான். உள்பாவாடை நாடாவைப் பேருக்குத்தான் முடிவாள். இன்றும் கை தானாக அப்படியே முடிந்திருக்கிறது. படங்கோ வீட்டில் கிடக்கிறது!

கொசுவம் மெல்லக் கீழே இறங்கியது. பிடித்தால் சேலை போய்விடும். பிடிக்காவிட்டால் மானம் போய்விடும். வயிற்றை உப்ப வைத்துப் பார்த்தாள். ஜாக்கெட்டில் தையல் ‘டர்’ரென்றது. சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் இன்னும் இறங்கியது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மாக்கண்ணு ஓடிவந்தாள். கொசுவத்தை அள்ளிச் செருகினாள், அண்ணியின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“நடங்க அண்ணி! சும்மா நடங்க!”

இரண்டு பேருமாகத் தள்ளாடித் தள்ளாடிக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது.

“ஏன்டி, கொஞ்ச நேரம் சும்மா நின்னிருந்தா சேலை உனக்குத்தானே?”

அம்மாக்கண்ணு அப்போதுதான் அதை யோசித்தாள். வாயைப் பிளந்தாள்.

“ஐயையோ! மறந்தே போச்சு அண்ணி!”