நாக்குக்கு அடியில் ஒரு சவ்வு

தையல்காரருக்குப் பெண் பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. இருபது வருஷத் தொழிலில் முதல் தடவையாக, சட்டையின் இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டு, பிரிக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டு நிலைமை அப்படி. குழந்தை ஒரு தடவை பால் குடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வாய் வைக்கும், நாலு இழுப்பு இழுக்கும், 'டக்' என்று ஒரு சத்தம், பிடி நழுவிவிடும். அப்புறம் வீடே இரண்டுபடும் அழுகை. அவர் மனைவிக்குக் காம்பு வெடித்து ரணமாகிவிட்டது. குழந்தை சிணுங்கினாலே அவளுக்குக் கண் கலங்கியது. "உனக்குப் பால் பத்தலைடி" என்று அவளுடைய அக்கா போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அன்று காலை எடை பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸ் எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இப்ப பால் குடுங்கம்மா, நான் பாக்கறேன்" என்றாள். 'டக்' சத்தம் கேட்டதும் எழுந்து போய்க் கையைக் கழுவி வந்து, சுண்டுவிரலைக் குழந்தையின் நாக்குக்கு அடியில் மெல்ல ஓட்டினாள்.

"இங்க பாருங்க. அழும்போதுகூட நாக்கு மேல எழும்பலை. அடியில சவ்வு இழுத்துப் பிடிச்சிருக்கு. நாக்கு முன்னால வந்தாத்தானே சரியாப் பிடிச்சுக் குடிக்க முடியும்?"

"அப்ப எங்கிட்ட குறை இல்லையா?" என்றாள் மனைவி.

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. பால் இருக்கு. அவளால எடுக்க முடியலை, அவ்வளவுதான்."

மதியமே கணவனும் மனைவியும் குழந்தையோடு டாக்டரம்மாவின் அறையில் இருந்தார்கள்.

"எல்லாக் குழந்தைக்கும் வெட்ட மாட்டோம்" என்றார் டாக்டரம்மா. "நல்லாக் குடிச்சா அப்படியே விட்டுடுவோம். இவளுக்கு வெட்டிடலாம், கொஞ்ச நேர வேலை. குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"எங்க வம்சத்துலயே கிடையாதுங்க" என்றார் தையல்காரர், ரோஷமாக.

"எங்க, நாக்கை நீட்டுங்க."

நீட்டினார். கீழுதட்டைத் தொட்டதோடு நின்றுவிட்டது.

"அதானா, ஐஸ்கிரீமை நக்காம கடிச்சுக் கடிச்சுத் தின்னுறது" என்று மனைவி சிரித்துவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு அவர் கேட்கிற முதல் சிரிப்பு. அதற்காக வம்சத்தின் மானம் போனால் போகட்டும் என்று இருந்தது அவருக்கு.

அங்கிருந்த நர்ஸ் குழந்தையைத் துண்டில் இறுக்கச் சுற்றித் தலையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"முனை மழுங்கல்தானே?" என்றார் தையல்காரர்.

"மழுங்கல்தான். நீங்க கவலைப்படாதீங்க."

எந்தத் துணிக்கும் கை நடுங்காத மனிதர், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அங்கே ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரிக்குப் போகுமுன் "முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா.

பஞ்சில் இரண்டு சொட்டு ரத்தம். குழந்தை வீறிட்டது.

"உடனே பால் குடுங்க. இப்ப அதுதான் மருந்து."

மனைவி தோளை இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையை அணைத்தாள். முதல் இழுப்பில் பழைய ரணம் சுரீரென்றது. இரண்டாவதில் அவ்வளவு இல்லை. அவள் தோள் மெல்ல இறங்கியது. அறையில் 'மடக் மடக்' என்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க, கேக்குதா?"

"ம்" என்றார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பிடி ஒரு தடவைகூட நழுவவில்லை. வெளியே கூட்டம் சேர்ந்தது. "வேணும்னா வெளிய பெஞ்சுல உக்காந்து..." என்று நர்ஸ் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அவ முடிக்கட்டும்" என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். தையல்காரர் போய்க் கதவருகில் நின்றுகொண்டார். எட்டிப் பார்த்த ஒவ்வொருவரிடமும், யாரும் கேட்காமலே, ரகசியக் குரலில் சொன்னார்: "எம் பொண்ணு சாப்பிடறா."